எட்டாவது கட்டம்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். பதினெட்டுப் பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். பதினேழு பேருக்கு வேகமான கால், ஒருவருக்கு மட்டும் மெதுவான கால். யாரும் கையை விடக்கூடாது. அப்படியானால் வரிசை எந்த வேகத்தில் போகும்? மெதுவான காலின் வேகத்தில் என்று சொல்லிவிட்டீர்களா? சரிதான். கோகிலவாணியும் ஆறு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் விடுகதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அந்தக் கால் ஏன் மெதுவாகப் போகிறது? அந்தப் பாதிக்கு விடை அவளுக்கு நேற்று மத்தியானம்தான் கிடைத்தது. கிடைத்த விடை சரியா தப்பா என்று தெரிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

மணி நாலரை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில், மூன்றாம் லைனின், அதாவது பதினெட்டுத் தையல் மிஷின் வரிசையின், தலைமாட்டில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் கோகிலவாணி நிற்கிறாள். அந்த லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். பலகையில் எட்டுக் கட்டம், மணி நேரத்துக்கு ஒன்று. ஏழு நிறைந்துவிட்டது, எட்டாவது வெறுமையாக இருக்கிறது. எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்து நாலு, சாப்பாட்டுக்குப் பிறகு அறுபத்தெட்டு, அப்புறம் எழுபத்தேழு, இதோ இப்போது அவள் கையாலேயே எழுதி இன்னும் மை காயாத எழுபத்தாறு. கூட்டினால் ஐந்நூற்றுப் பதினெட்டு. வேண்டியது அறுநூறு, அறுநூறு குழந்தை டீ சர்ட், மார்பில் மஞ்சள் வாத்து அச்சடித்தது. மிச்சம் எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு வாத்து ஒரு மணி நேரத்தில் கரையேறுமா? ஏறாது. ஏறாது என்று தெரிந்தும் கையிலிருக்கும் காகிதத்தில் மறுபடி போட்டுப் பார்க்கிறாள், முதல் தடவை ஏதாவது ஒரு எண் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் என்பதுபோல. லைனிலேயே அதிக நேரம் பிடிக்கும் வேலை கழுத்து வைப்பது. சட்டைக்கு நாற்பத்தேழு விநாடி, அவளே போனில் நேரம் பிடித்து நாலு நாள் அளந்தது. ஒரு மணிக்கு மூவாயிரத்து அறுநூறு விநாடி. வகுத்தால் எழுபத்தாறு, மிச்சம் இருபத்தெட்டு விநாடி. இருபத்தெட்டு விநாடியில் பாதிக் கழுத்துதான் ஏறும், பாதிக் கழுத்து ஏறிய சட்டையை எந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடுவது? எழுபத்தேழு ஒரு தடவை வந்தது, அது முந்தின மணி நேரத்தில் முக்கால் தைத்து நின்றது, சும்மா வந்ததில்லை. ஆக எழுபத்தாறு. ஐந்நூற்றுப் பதினெட்டும் எழுபத்தாறும் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. ஆறு குறைகிறது. ஆறே ஆறு. விரலுக்கு ஒன்று என்று மாட்டினால் இன்னொரு கையிலிருந்து ஒரு விரல் கடன் வாங்கவேண்டும், அவ்வளவுதான், அந்த ஆறுக்காக இன்றைக்கும் அரை ஷிப்ட் ஓடும், ராத்திரி எட்டரை வரைக்கும் இந்த டியூப் லைட்டு, இந்தப் பஞ்சு, இந்த இரைச்சல், அவள் வீட்டுப் படி ஏறும்போது ஒன்பது, மகள் நிரஞ்சனா கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழ் வீட்டிலிருந்து வருவாள், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "ஸ்கூல்ல என்ன?" "ஒண்ணும் இல்லம்மா." தினமும் அதே பதில். தினமும். ஆறு வருடமாக இந்தப் பலகையில் மணிக்கு மணி விழுந்த எண்போல: அறுபது, அறுபது, அறுபது.

அந்த எண் நாக்கில் வந்ததும் கோகிலவாணி பேனாவை மூடுகிறாள்.  நாளைக்குக் கம்பெனி லீவு, காலையில் நாத்தனார் வருகிறாள், வெள்ளகோவிலிலிருந்து, எட்டு மணி பஸ்ஸில். கெட்டவள் இல்லை, ஒரு சொல் தப்பாகப் பேசமாட்டாள், அதுதான் சங்கடம். போனில் மெதுவாகத்தான் சொன்னாள்: "புள்ளய எங்கிட்ட உடு கோகிலா. என்ற தம்பி லாரிய எடுத்தா இருவது நாள் ஊர்ப்பக்கம் வர்றதில்ல, நீ ஒம்பது மணிக்கு வர்ற. பத்து வயசுப் புள்ள யாரு மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கும்? இங்க என்ற புள்ளைக ரெண்டு இருக்குது, ஸ்கூல் பக்கத்துல. நீ சொல்ல வேண்டாம், நான் சொல்ல வேண்டாம், அதையே கேக்கலாம். அது சொல்றதுதான்." அது சொல்வதுதான். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் மறுக்க முடியவில்லை. அப்போது வாயில் வந்தது, "இனிமே நான் ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேனுங்க," என்பதுதான். எந்த நம்பிக்கையில் சொன்னாள்? திங்கட்கிழமை மேனேஜர் தண்டபாணியிடம் போய் நின்றது அதற்காகத்தான். ஷிப்டுக்குள்ளேயே அறுநூறு முடித்துக் கொடுத்தால் அரை ஷிப்ட் வேண்டாமா சார் என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கெடச்சா எனக்கென்னம்மா கசக்குமா? கரண்டு மிச்சம், எனக்கும் ஒரு வீடு இருக்குது. ஆனா ஆறு வருசமா நானூத்தி எம்பதுதான குடுக்குற, மிச்சம் நூத்தி இருவதுக்குத்தான ராத்திரி ஒக்காருற? திடீர்னு எங்கிருந்து வரும், மெஷின் குட்டி போடுமா?" என்றார். குட்டி என்று சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா வாயில் வந்தது, ஆனால் பக்கத்தில் நின்ற, அதே லைனில் தைக்கும் பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைக் கோகிலவாணி பார்த்தாள், தனக்கும் காது சூடானது. "வெள்ளிக்கிழம வரைக்கும் பாரு. இல்லாட்டி பழையபடிதான்." இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

குட்டி என்றால் என்ன என்று லைனுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் கை நன்றாக ஓடி அறுபத்தைந்து பீஸ் தைத்துவிட்டால் அறுபதை மட்டும் அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட்டு, ஐந்தைக் கட்டி மேஜைக்கு அடியில், சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. அதுதான் குட்டி. அடுத்த மணி நேரம் ஊசி ஒடிந்தாலோ, தூக்கம் சொக்கினாலோ, குட்டியை எடுத்து மேலே விட்டால் கணக்குச் சமமாகிவிடும், பலகையில் அறுபது விழும், யாரும் வந்து கத்தமாட்டார்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பதினெட்டு மேஜைக்கு அடியிலும் பதினெட்டுக் குட்டி படுத்திருந்தால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவள் சட்டைக்குக் காத்துக்கொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முன்னால் இருப்பவளின் காலடியில் பதினாலு சட்டை தூங்கும். புதன்கிழமை ராத்திரி பேனா மூடி உருண்டு போய், அதை எடுக்கக் குனிந்தபோது அவள் கண்ணில் பட்டது பர்வீனின் குட்டி. மடித்து, நூல் கட்டி, பக்குவமாக வைத்த பதினாலு பீஸ். கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கட்டை வெளியே எடுத்து முடிச்சைப் பார்த்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. அது அவளுடைய முடிச்சு. பதினைந்து வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்கு இருந்த சூப்பர்வைசர் மைக்கில் பேர் சொல்லிப் படிப்பார், "கோகிலவாணி நாப்பத்தி ரெண்டு, கை வலிக்குதா, வீட்டுக்குப் போய் மருதாணி வெச்சுக்கறியா?" என்று, மாடி முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இன்னும் முதுகில் எங்கேயோ ஊர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த நாள் அவள் பத்துப் பீஸை ஒளித்து வைத்தாள். அதற்கப்புறம் மைக்கில் அவள் பேர் வரவேயில்லை. பர்வீன் புதிதாக வந்து அழுதுகொண்டு நின்றபோது, "இதுக்குப் போய் அழுவாங்களா, இங்க பாரு," என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. கற்றுக்கொடுத்த பாடம் மேஜை மேஜையாகப் போய், ஆறு வருடமாகப் பலகையில் அறுபது அறுபது என்று அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சூப்பர்வைசர் ஆனதும் ஒன்றும் தெரியாதவள்போல் அந்த அறுபதை நம்பி, கழுத்து வைக்கும் பாப்பாத்தியக்கா மெதுவு, வயதாகிவிட்டது, அவளால்தான் எல்லாம் என்று தானும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! வெட்கமாக இருக்கிறது, இப்போது நினைத்தாலும், பலகையின் பக்கம் திரும்பி நிற்கத் தோன்றுகிறது.

நாலு ஐம்பது. எண்ணிப் பார்க்கிறாள், இருபத்தைந்து சட்டை முடிந்து மூட்டையாகி நிற்கிறது. இருபது நிமிடத்துக்கு இருபத்தைந்து, சரியான போக்கு, மணிக்கு எழுபத்தைந்து, எழுபத்தாறு. போக்கு சரியாக இருப்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கூடாது, குறையாது, ஆறு குறையும். ரேடியோவில் ஏதோ பழைய பாட்டு, அயர்ன் மேஜையிலிருந்து ஈரத்துணி வேகும் வாசனை. நேற்றைக்கு இந்நேரம் எப்படி இருந்தது? நேற்றுக் காலையில் பதினெட்டுப் பேரையும் நிற்கவைத்து, "யாரும் குட்டி வெக்க வேண்டாம், வந்தது வந்தபடி தள்ளுங்க, கொறஞ்சா கொறஞ்சதையே நான் எழுதுறேன், கத்தினா என்னையத்தான கத்துவாங்க," என்று சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. நம்பாமலே செய்தார்கள். பலகை பல்லு விழுந்த வாய்மாதிரி ஆனது: அறுபத்து நாலு, ஐம்பத்தொன்று, அறுபத்தாறு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு.  தண்டபாணி வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார், கத்தியிருந்தால் தேவலை. மொத்தம் நானூற்று அறுபத்தொன்று, பழையதைவிடக் கீழே. ஆனால் பள்ளம் விழுந்த இடம் தெரிந்தது. பள்ளம் விழும்போதெல்லாம் கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் பாப்பாத்தியின் நாற்காலி காலியாக இருந்தது. எங்கே போகிறாள்? பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மாடியின் மறுகோடி வரை நடந்து, கட்டிங் மேஜையில் நின்று, ரிப் வாங்கிக்கொண்டு வருகிறாள். கழுத்தைச் சுற்றி வருமே இழுத்தால் நீளும் பட்டை, அதுதான் ரிப். ஒரு தடவைக்கு இருபது சட்டைக்கான ரிப், அவ்வளவுதான் கொடுப்பார் கட்டிங் மாஸ்டர் அய்யாவு, அதுவும் கழுத்து வைப்பவள் கையில்தான் கொடுப்பார். மணிக்கு மூன்று நடை, நடைக்கு மூன்றேகால் நிமிடம். மூன்று மூன்றேகால் பத்து நிமிடம், கொஞ்சம் குறைய. ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் பாப்பாத்தி நடந்துகொண்டிருந்திருக்கிறாள். கை மெதுவில்லை. கால் நடந்திருக்கிறது, பதினெட்டுப் பேருக்காகவும்.

ஏன் இருபது மட்டும் என்று அய்யாவுவிடம் கேட்டதற்கு அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை ரிப் கட்டுகள் கலந்துபோய், பால் வெள்ளைச் சட்டைக்கு இளமஞ்சள் வெள்ளைக் கழுத்து ஏறி, ஒரு லாட்டுச் சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிட்டதாம். "டியூப் லைட்டுல பாத்தா ரெண்டும் வெள்ள, வெயில்ல பாத்தா ஒண்ணு பாலு ஒண்ணு மோரு. அன்னைக்கு என்ற தலதான உருண்டுச்சு அம்மிணி? அதுல இருந்து கையில எண்ணித்தான் குடுக்கறது." அந்த ஒரு நாள் பயம் எட்டு வருடமாக ஒரு கிழவியின் காலில் நடந்திருக்கிறது. கோகிலவாணி நின்று யோசித்தாள். பால் வெள்ளைக் கட்டுக்குச் சிவப்பு நூல், மோர் வெள்ளைக் கட்டுக்குப் பச்சை நூல், சட்டைக் கட்டுக்கும் அதே நிற நூல். நூல் நிறம் ஒத்துப்போனால்தான் ஊசி இறங்கணும் என்று அவரிடம் சொன்னாள். "மாறுச்சுன்னா?" என்றார். "மாறுச்சுன்னா என்ற தலைய உருட்டுங்கண்ணா." அவர் சிரித்துவிட்டார். இன்று காலை எட்டேகாலுக்கே, யாரும் வரும் முன்னால், ஒரு நாளுக்கான ரிப் முழுவதையும் கோகிலவாணியே கூடையில் சுமந்து வந்து பாப்பாத்தியின் வலக்கைப் பக்கம் அடுக்கினாள். பாப்பாத்தி வந்து கூடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், "அப்ப நான் ஒண்ணுக்குப் போறதுக்கும் ஒரு கூடை வெச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்டாள். லைன் முழுக்கச் சிரித்த சிரிப்பில் முதல் கட்டத்தில் எழுபத்திரண்டு விழுந்தது.

ஐந்து மணி பத்து. ஐம்பது. இன்னும் இருபது நிமிடம். "கெழவி, ஒதைங்க ஒதைங்க, பெடல் தேஞ்சாலும் கம்பெனியோடதுதான்," என்று பர்வீன் பின்னாலிருந்து கத்துகிறாள். "உன்ற வாய்க்கு ஒரு கழுத்து வெச்சு மூடிருவன்டி," என்கிறாள் பாப்பாத்தி, கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல். ஓடுகிறார்கள். எல்லாரும் ஓடுகிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிகிறது, நடுவில் இடைவெளி இல்லாத சத்தம், மழை நன்றாகப் பிடித்துக்கொண்டபின் கேட்கும் சத்தம். இவர்களுக்கும் வீடு இருக்கிறது, ஆறு மணி என்று ஒன்று இருப்பதை ஒவ்வொருத்தியும் எப்போதோ பார்த்தது. கோகிலவாணி காகிதத்தை மறுபக்கம் திருப்புகிறாள். திருப்பக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள், கை திருப்பிவிடுகிறது. கணக்குப் போட விடியற்காலையில் காகிதம் தேடி, நிரஞ்சனாவின் ரஃப் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்திருந்தாள், இருட்டில், விளக்குப் போட்டால் பிள்ளை எழுந்துவிடும் என்று. பஸ்ஸில் வரும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தாள். பென்சிலில், நேர்க்கோடு போட்டு, தலைப்பு: அம்மாவிடம் சொல்ல வேண்டியது. கீழே எண் போட்டு எழுதியிருந்தது. தர்ஷினிக்குப் பல் விழுந்துவிட்டது, அதை டிபன் பாக்ஸில் வைத்திருக்கிறாள். கணக்கு மிஸ் போர்டில் ஒரு தப்புப் போட்டார்கள், நான் மட்டும் பார்த்தேன், சொல்லவில்லை. ஸ்கூல் சுவரில் மயில். ஷூ கடிக்கிறது. செவ்வாய்க்கிழமை வயிறு வலித்தது, இப்போது இல்லை. கீழ் வீட்டு ஆன்ட்டி எட்டு மணிக்கே லைட்டை அணைத்துவிடுகிறார்கள். ஏழாவதாக, வெள்ளகோவில், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, வேறு ஒன்றும் இல்லை. எதையும் அடிக்கவில்லை. சொல்லி முடித்ததை அடிப்பதற்காகத்தானே எண் போடுவது? ஒன்றுகூட அடிபடவில்லை. எல்லாவற்றையும் மடித்து, நூல் கட்டி, மேஜைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லம்மா." அவள் பலகையிலும் அறுபது.

இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பிறவியிலேயே வருமா அந்த முடிச்சு? இல்லை, இருக்காது. ஒன்பது மணிக்கு வந்து சோற்றில் கை வைத்தபடியே கண் சொக்கும் ஒருத்தியிடம் மயிலைப் பற்றி எப்படிச் சொல்வது? ஒருநாள் சொல்ல வந்திருப்பாள், "அப்புறம் சொல்லு சாமி," என்றிருப்பேன், அந்த அப்புறம் இந்தத் தாளில் இருக்கிறது. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் ஒன்பது வரைக்கும் பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது? இருட்டில் கதவோரமா? படியிலா? ஒரு மணி நேரம், மூவாயிரத்து அறுநூறு விநாடி. இதையும் வகுக்கவேண்டுமா? நாளைக்கு நாத்தனார் முன்னால் அவள் போகிறேன் என்று சொன்னால் சொல்லட்டும், அங்கே ஆட்டுக்குட்டி இருக்கிறது, விளையாட இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன, பத்து வயதுக்கு அதெல்லாம் சின்ன விஷயமா? பயம் அதில் இல்லை. போகிறேன் என்றாலும் இருக்கிறேன் என்றாலும் அதே குரலில், அந்தச் சமமான குரலில் சொல்லிவிட்டால் அது வந்தது வந்தபடி வந்த பதிலா, எடுத்து வைத்த பதிலா என்று எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் ஒன்றுதான் பாக்கி.

ஐந்து இருபத்தைந்து. அறுபத்தொன்பது. பர்வீன் எழுந்து வந்து, பிசிறு வெட்டும் கத்தரியைக் கேட்பதுபோல் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்கிறாள்: "அக்கா, கணக்கு நானும் போட்டுட்டேன். ஆறு விழும். நீங்க அறநூறுன்னு எழுதிருங்க. திங்கக்கிழம காலைல மொதல் அஞ்சு நிமிசத்துல ஆற உள்ள தள்ளிரலாம். மூட்டைய யாரு அவுத்து எண்ணப் போறாங்க?" அவள் கண்ணில் குறும்பு இல்லை, அக்கறைதான் இருக்கிறது, அவளுக்கும் நிரஞ்சனாவைத் தெரியும். ஆறு. வெறும் ஆறு. பேனா கையில்தான் இருக்கிறது. பலகையில் எண்பத்திரண்டு என்று எழுத எத்தனை விநாடி ஆகும்? இரண்டு. எழுதினால் விளக்கு அணையும், ஆறு மணிக்குப் படி ஏறலாம். திங்கட்கிழமை முதல் கட்டத்தில் அந்த ஆறு கடன் நிற்கும், அதை அடைக்கச் செவ்வாய்க்கிழமையிடம் கேட்கவேண்டும், ஒருத்தி முன்ஜாக்கிரதையாக நாலை எடுத்து மேஜைக்கடியில் வைப்பாள், அடுத்தவள் ஐந்து வைப்பாள், ஒரு மாதத்தில் அறுபது அறுபது என்று பலகை மறுபடி பல் வரிசையாகச் சிரிக்கும். அப்போது பாப்பாத்தி எழுந்து நடந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. "வேண்டாம் பர்வீன்." "அப்ப அரை ஷிப்ட்?" "வந்தா ஒக்காருவோம்." சொல்லிவிட்டாள்.  பர்வீன், "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க," என்கிறாள், குத்தலாக இல்லை, ஞாபகப்படுத்துவதுபோல. "ஆமா. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்." பர்வீன் தன் மிஷினுக்கு ஓடுகிறாள், உட்காரும் முன்பே காலால் பெடலைத் தேடுகிறாள்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. கோகிலவாணி எட்டாவது கட்டத்தில் எழுபத்தாறு என்று எழுதி, கீழே கோடு போட்டு, ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு என்று எழுதினாள். தண்டபாணி வந்து நின்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கட்டம் கட்டமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல் பார்த்தார். யாரும் எழவில்லை, மிஷின்கள் நின்றும் மோட்டாரின் உறுமல் மட்டும் கேட்டது. "அஞ்சாவது கட்டம் ஏன் அறுவத்தெட்டு?" என்றார். "சாப்பிட்டதும் தூக்கம் வருதுங்க சார்." "ஆறு வருசமா வரலயே?" "வந்துச்சுங்க சார். பலகையில வரல." அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எதில் போய் முடியும் என்று தெரியாமல் கோகிலவாணி காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். "ஆறு கம்மி." "ஆமாங்க சார். ஸ்டோர்ல கெடக்குற பழைய கழுத்து மிஷின எறக்கிக் குடுத்தா, திங்கக்கிழம சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் அதுல நானே ஒக்காந்துக்கறேன். அந்தக் கட்டத்துலயே ஆறு வந்துரும்." பாப்பாத்தி குறுக்கே புகுந்தாள்: "அவ ஒக்காந்தா ஆறு கூட வராதுங்க, கை துருப் புடிச்சுக் கெடக்குது. நான் பாத்துக்கறனுங்க." யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். தண்டபாணி சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி அறுபத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இந்தக் கட்டத்த நான் நம்பறேன்," என்றார். "மத்த அறுபதயெல்லாம் எதுக்கு நம்புனேன்னு தெரியல." பிறகு சுவரோரம் போய், மூன்றாம் லைனின் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். மோட்டார்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. அத்தனை அமைதியில் வெளியே காக்கை கத்துவது கேட்டது. பகல் இன்னும் மிச்சம் இருந்தது.

ஆறு மணிக்கு அவள் படி ஏறினாள். நிரஞ்சனா மூன்றாவது படியில் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன். வேலை முடிஞ்சிருச்சு." கோகிலவாணி அதே படியில் உட்கார்ந்தாள். குதிகாலில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தாள். மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இது என்னோடது," என்றாள் பிள்ளை. "ஆமா. தெரியாம கிழிச்சுட்டேன். பின்னாடி கணக்குப் போட்டுட்டேன். ஒண்ணுல இருந்து சொல்லு." நிரஞ்சனா சந்தேகமாகப் பார்த்தாள், அம்மாவின் கண் சொக்குகிறதா என்று. சொக்கவில்லை. பல்லில் ஆரம்பித்தாள். மயிலுக்கு வந்தபோது எழுந்து நின்று, தோகையை எப்படித் தொங்கவிட்டிருந்தது என்று காட்டினாள். வயிற்று வலியைச் சொல்லும்போது குரல் இறங்கியது, இருட்டைச் சொல்லும்போது இன்னும் இறங்கியது, கணக்கு மிஸ்ஸின் தப்பைச் சொல்லும்போது மறுபடி துள்ளி ஏறியது, வரிசையை விட்டுவிட்டு அதையே இரண்டு தடவை சொன்னாள். ஒன்றுகூட மற்றதுமாதிரி இல்லை. கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் நிரஞ்சனா பென்சிலை எடுத்துக் கோடு போட்டு அடித்தாள். ஏழாவதில் பென்சில் நின்றது. "நாளைக்கு அத்தை வருவாங்க," என்றாள் கோகிலவாணி. "உன்னையத்தான் கேப்பாங்க. நான் ஒண்ணு சொல்லிர்றேன். இன்னைக்கு ஆறு மணிக்கு வந்துட்டேன். திங்கக்கிழமயும் வருவேன்னுதான் நெனக்கறேன். ஒரு சில நாள் வராமப் போனாலும் போகும். அப்படியிருந்தா காலைலயே உண்மையச் சொல்லிட்டுத்தான் போவேன். இனி நீ சொல்லு." நிரஞ்சனா பென்சில் முனையைக் கடித்தாள். பரீட்சை லீவுக்கு மட்டும் வெள்ளகோவில் போவதாகவும், ஸ்கூல் இருக்கும் நாளில் இங்கேயே இருப்பதாகவும், வீட்டுச் சாவி தன்னிடம் ஒன்று இருக்கட்டும் என்றும் சொன்னாள்.